கபாலபாதி: மொட்டை மாடி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலை ஐந்தே முக்காலுக்கு யோகா வகுப்பு நடக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். குளத்தைச் சுற்றி வாக்கிங் போகிறவர்களில் பத்துப் பதினைந்து பேர் அப்படியே மாடியேறி வந்துவிடுவார்கள். ஆசனத்தில் யாருக்கும் பெரிய சந்தேகம் வருவதில்லை. முட்டி மடங்கவில்லை என்பதோடு சரி. கபாலபாதி என்கிற வேக மூச்சுப் பயிற்சி தொடங்குகிற அன்றுதான் ஆளுக்கொரு கேள்வி. மாதாமாதம் புதிதாக வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

கபாலபாதி என்றால் பாதிக் கபாலமா?

சிரிக்காதீர்கள், நியாயமான கேள்விதான். கபாலம் என்பது மண்டையோடு. பின்னால் வரும் 'பாதி' ஒளிர்கிறது என்று பொருள்படும் வடமொழிச் சொல். நம் எழுத்தில் எழுதியதும் அது அரைப் பாதியாகிவிட்டது. மண்டையைத் துலக்கிப் பளிச்சென்று வைப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துலக்குவது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் இதைப் பிராணாயாமப் பட்டியலில் வைக்கவில்லை. தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்று ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாக, கபத்தைப் போக்குவதற்கு என்று வைத்திருக்கிறது. பல் விளக்கிவிட்டுத்தானே சாப்பிட உட்காருகிறோம்? அந்த மாதிரி, மற்ற மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் செய்கிற வேலை இது. இதை மட்டும் அரை மணி நேரம் செய்துவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால், பல் விளக்கியே வயிற்றை நிரப்பப் பார்க்கிறார்களோ என்று தோன்றும்.

பஸ்திரிகாவும் இதுவும் ஒன்றுதானே?

இரண்டிலும் மூச்சு வேகமாகப் போகும். கபாலபாதியில் வெளியே தள்ளுவது மட்டும்தான் நம் வேலை, உள்ளே வருவது தானாக நடக்கும். பஸ்திரிகாவில் இழுப்பதும் தள்ளுவதும் இரண்டுமே பலமாக, நெஞ்சு விரிந்து சுருங்கும்படி. கபாலபாதி ஓரளவு பழகாமல் பஸ்திரிகா பக்கம் போக வேண்டாம் என்பது என் கட்சி.

பஸ்திரிகா என்றால் துருத்தி. எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அருவாள் வாங்க அப்பா திருப்பாச்சேத்திக்குக் கூட்டிப்போனார். பட்டறையில் ஒருவர் தோல் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கும்போது உலையில் கரி செக்கச்செவேலென்று சிவக்கும். கையைத் தளர்த்தினால் துருத்தி தானாக உப்பிக்கொள்ளும், கரி லேசாக மங்கும். அப்பா விலை பேசி முடிக்கும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேடிக்கை என்னவென்றால், ஹடயோகப் பிரதீபிகை கபாலபாதிக்கும் இதே கொல்லன் துருத்தியைத்தான் உவமை சொல்கிறது. ஆக, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்று நேற்று வந்த பழக்கமில்லை.

எப்படிச் செய்வது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

சம்மணமிட்டு உட்காருங்கள். முட்டி வலிப்பவர்கள் நாற்காலியில் உட்காரலாம், சாயாமல். முதுகு நேராக, தோள் தளர்வாக. வாய் மூடியிருக்கட்டும். ஆனால் பல்லைக் கடிக்க வேண்டாம். வலது உள்ளங்கையைத் தொப்புள்மீது வையுங்கள். முதல் வாரம் முழுக்க அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டும்.

இப்போது மூக்குச் சிந்துவதுபோல ஒரே ஒரு தடவை 'ஹ்ம்க்' என்று மூச்சை மூக்கு வழியாக வெளியே தள்ளுங்கள். தள்ளும்போது கைக்குக் கீழே வயிறு சட்டென்று உள்ளே போக வேண்டும். உடனே வயிற்றை விட்டுவிடுங்கள். காற்று சத்தமில்லாமல் உள்ளே வரும். நீங்கள் இழுக்கக் கூடாது. ஐந்து முறை தனித்தனியாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் செய்து பாருங்கள்.

பத்துப் பேரில் ஏழு பேருக்கு முதல் நாள் இது தலைகீழாக வரும். மூச்சை விடும்போது வயிறு முன்னே தள்ளும், இழுக்கும்போது உள்ளே போகும். வயிற்றை எக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற பழக்கத்தில் வந்த கோளாறு. இப்படி வந்தால் வேகத்தை மறந்துவிட்டு மல்லாந்து படுங்கள். வயிற்றின்மீது ஒரு கனமில்லாத புத்தகத்தை வைத்து, மெதுவாக மூச்சு விட்டால் புத்தகம் இறங்க வேண்டும், மூச்சு வந்தால் ஏற வேண்டும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அதற்கு முன் வேகமாகச் செய்யப் போனால் தப்பே பழகிவிடும். அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

தனித்தனியாகச் சரியாக வந்த பிறகு, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளோடு சேர்ந்துகொள்ளுங்கள். நொடிக்கு ஒன்று, மொத்தம் இருபது. இருபதாவதை முடித்ததும் மூச்சு எப்படி வேண்டுமானாலும் போகட்டும், ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் இரண்டாவது சுற்று. மறுபடி ஒரு நிமிடம். மூன்றாவது சுற்று. அவ்வளவுதான் ஒரு நாள் பாடம்.

முகத்தைச் சுளிக்க வேண்டாம். புருவம் நெரிந்தாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ வேலை வயிற்றில் நடக்கவில்லை என்று அர்த்தம்.

இழுக்காமலே காற்று எப்படி உள்ளே வரும்?

அந்தக் காலத்து டவுன் பஸ்ஸில் டிரைவர் கையருகே ரப்பர் பந்து வைத்த ஹாரன் இருக்குமே, 'பாம்' என்று அமுக்குவார், கையை எடுத்ததும் பந்து தானாக உப்பிக்கொள்ளும். யாராவது அதை ஊதி நிரப்பிப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளிருக்கும் உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன, நுரையீரலிலிருந்து காற்று வெளியேறுகிறது. தசையைத் தளர்த்தினால் எல்லாம் பழைய இடத்துக்கு வரும், கூடவே காற்றும் வரும். பயப்படாமல் விட்டுவிடுங்கள்.

டீச்சர், டிவியில் ஐநூறு தடவை செய்யச் சொல்கிறார்களே?

எங்கள் மாடியிலும் இரண்டு அண்ணன்களுக்குள் இந்தப் போட்டி நடந்தது. இருவரும் ரிட்டயர் ஆனவர்கள், பக்கத்துப் பக்கத்துப் பாய். ஒருவர் இருநூறு போனால் மற்றவர் இருநூற்றைம்பது. ஒரு நாள் எதிரே போய் உட்கார்ந்து பார்த்தேன். குண்டும் குழியுமான ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் மாதிரி தோள் குலுங்குகிறது, தலை ஆடுகிறது, வயிறு மட்டும் அசையவில்லை. "அண்ணே, கையை வயித்துல வைங்க" என்றேன். வைத்துச் செய்தார்கள். முப்பதைத் தாண்டவில்லை, இரண்டு பேருமே.

வயிறு அசையாத மூச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கணக்கு தானாகச் சரியாகிவிடும். முதல் வாரம் இருபது இருபதாக மூன்று சுற்று. ஒவ்வொரு வாரமும் சுற்றுக்குப் பத்து கூட்டலாம். சுற்றுக்கு அறுபது வந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. நொடிக்கு ஒன்று என்பதே அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு. நன்றாகப் பழகியவர்கள் நொடிக்கு இரண்டு வரை போவதுண்டு. அவசரமில்லை.

தலை சுற்றுகிறது, விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறது. சக்தி ஏறுகிறதா?

இல்லை. நிறுத்துங்கள்.

இந்த 'சக்தி ஏறுது' பேச்சுக்கு நானே ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறேன். யோகா கற்றுக்கொண்ட புதிதில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். பெரிய ஹால், மேடையில் மைக். "வேகம்... இன்னும் வேகம்" என்று அவர் கத்தக் கத்த நானும் விடாமல் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அப்புறம் விரல்கள் நான் சொல்வதைக் கேட்காமல் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. பயந்து எழுந்திருக்கப் பார்த்தேன், கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த அம்மா தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மேடையில் இருந்தவர் "நல்லது, நாடி திறக்குது" என்றார். நாடியும் திறக்கவில்லை, கதவும் திறக்கவில்லை. மாலையில் டாக்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆக்சிஜன் கூடிப்போனதால் வருவதில்லை இது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சும்மா இருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல்தான். மூச்சை அள்ளி அள்ளி விட்டால் அதைக் கூட்ட அதிக இடமில்லை. குறைவது கரியமில வாயு. அது தேவையில்லாத புகை என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம், ஆனால் ரத்தத்தில் அதற்கென்று ஓர் அளவு இருந்தாக வேண்டும். அது சட்டென்று இறங்கினால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. ரத்தத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் நிலையில் இருக்கும் கால்சியமும் குறைவதால் விரலும் உதடும் மதமதக்கின்றன.

வயிற்றிலிருந்து சின்னச் சின்னதாகத் தள்ளும் ஒழுங்கான கபாலபாதியில் இது லேசில் வராது. நெஞ்சு நிறைய இழுத்து விடும்போதுதான் வரும். வந்தால் அப்படியே உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், யோசிக்காமல்.

யாரெல்லாம் செய்யக் கூடாது?

கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள். வலிப்பு உள்ளவர்கள். குடலிறக்கம், ஆறாத குடல்புண், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை. கண்ணில் அழுத்தம் உள்ள கிளாக்கோமா நோயாளிகள். வெர்டிகோ, முதுகில் டிஸ்க் தொல்லை. கர்ப்பிணிகள் கட்டாயம் கூடாது.

நுரையீரலில் பழைய கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கபாலபாதி செய்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி, நுரையீரல் சுருங்கிப்போன சம்பவம் 2004-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. மிக மிக அரிதான ஒன்று. பயமுறுத்தச் சொல்லவில்லை. 'மூச்சுதானே, என்ன ஆகிவிடும்' என்கிற அலட்சியம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரஷர் மாத்திரை போடுகிறேன், இப்போது நார்மல்தான். செய்யலாமா?

மாத்திரை கொடுத்த டாக்டரிடம் 'யோகா பண்ணலாமா' என்று மட்டும் கேட்டால் 'தாராளமாக' என்றுதான் சொல்வார். வயிற்றை வேகமாக எக்கி எக்கி மூச்சு விடும் பயிற்சி என்று செய்து காட்டிக் கேளுங்கள். செய்கிற நேரத்தில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், அதனால்தான். அவர் வேண்டாம் என்றால் நாடிசுத்தி இருக்கிறது, மூக்கை மாற்றி மாற்றி மெதுவாக. அதில் ஒரு குறையும் வராது.

சுகர் குறையும் என்கிறார்களே?

மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்னொன்று: இன்சுலின் போடுகிறவர்கள், சுகர் மாத்திரை போடுகிறவர்கள் விடியற்காலை வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சுகர் இறங்கிப் படபடப்பு வரலாம். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். எங்கள் மாடியில் படிக்கட்டு ஓரம் ஒரு டப்பாவில் வெல்லம் இருக்கும். காக்கா தூக்காமல் இருக்க மூடி போட்டிருக்கிறேன், திறந்தால் மூடிவிடுங்கள்.

சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து?

மூன்று நான்கு மணி நேரம். நம் ஊரில் இதில்தான் சிக்கலே. ராத்திரி பதினொன்றரைக்குக் கொத்து புரோட்டாவும் கறி தோசையும் சாப்பிட்டுவிட்டு ஐந்தே முக்காலுக்கு வந்து உட்காருவார்கள். கடிகாரக் கணக்குப்படி ஆறு மணி நேரம் ஆகியிருக்கும், ஆனால் முதல் சுற்றிலேயே சால்னா ஏப்பம் வரும். அன்றைக்குக் கபாலபாதியை விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போவது மேல்.

காபியும் வேண்டாம், முடித்துவிட்டுக் குடியுங்கள். தண்ணீர் அரை டம்ளர் போதும். மாலையில் செய்தால் ஆறு மணிக்குள். படுக்கப் போகும்போது செய்தால் தூக்கம் வராது.

உண்மையிலேயே சுறுசுறுப்பு வருமா?

வரும். வேக மூச்சில் உடம்பு கொஞ்சம் விழித்துக்கொள்கிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. மலை ஏறினாலும் இதுதான் நடக்கும். இங்கே உட்கார்ந்த இடத்தில் மூன்று நிமிடத்தில் நடக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருகிற ஒரு நிமிடம். மூன்றாவது சுற்று முடிந்து கையை மடியில் வைத்துக் கண்ணை மூடினால், சில நொடிகள் மூச்சே தேவையில்லாதது மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து பேர் இருக்கிற மாடியில் ஒரு சத்தம் இருக்காது. கீழே யாரோ வாசலில் தண்ணீர் தெளிப்பது கேட்கும், பிறகு விளக்குமாறு. பால் வண்டி நிற்கும், கிளம்பும். எங்கோ கோயில் ஸ்பீக்கரில் பாட்டு கரகரவென்று தொடங்கும். அப்போதுதான் ஒரு மூச்சு தானாக உள்ளே வரும்.

சிலர் அதைச் சமாதி நிலை என்கிறார்கள். கரியமில வாயு சற்றே இறங்கியிருப்பதால் மூச்சு விடு என்று மூளை தூண்டுவது கொஞ்சம் தாமதமாகிறது, விஷயம் அதுதான். தெரிந்துகொண்டதால் எனக்கு அதன் ருசி குறையவில்லை. அதைப் பிடித்து நீட்டிக்கப் பார்க்காதீர்கள், மூச்சு வரும்போது வரட்டும். இந்த ஒரு நிமிடத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் மொபைலை எடுத்துப் பார்த்து வீணாக்குகிறார்கள்.

தொப்பை குறையுமா?

வயிற்றுத் தசை கொஞ்சம் இறுகும். கொழுப்பு கரைய நடக்க வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். தெப்பக்குளம் பக்கத்திலேயே இருக்கிறது.

கத்திரி வெயிலில் செய்யலாமா? உடம்பு சூடாகாதா?

சித்திரைத் திருவிழா முடிந்து அக்னி நட்சத்திரம் வந்தால் நம் ஊரில் காலை ஏழு மணிக்கே மாடித் தரை சுடத் தொடங்கிவிடும். அந்த மாதத்தில் ஒரு சுற்று மட்டும் வைத்துக்கொள்வோம், பஸ்திரிகா அறவே கிடையாது. முடித்ததும் சீதளி: நாக்கைக் குழல்போல மடித்து அதன் வழியாக மெதுவாக இழுத்து, மூக்கால் விடுவது. எல்லோருக்கும் நாக்கு மடங்காது, முயன்று நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பல்லைச் சேர்த்து வைத்து இடுக்கு வழியாக 'ஸ்ஸ்' என்று இழுக்கலாம், அதற்குச் சீத்காரி என்று பெயர். காரமாகக் கடித்துவிட்டால் செய்கிறோமே, அதேதான்.

சளி, மூக்கடைப்பு இருந்தால்?

லேசான சளி என்றால் செய்யலாம், கர்சீப் கையில் இருக்கட்டும். காய்ச்சல், காது அடைப்பு, வீசிங் இருந்தால் வேண்டாம். மார்கழிப் பனியில் மாடியில் உட்காராமல் கூடத்தில் உட்காருங்கள். போகிப் புகையில் வகுப்பே கிடையாது.

நேதிக் குவளை வைத்து மூக்கைக் கழுவுகிறவர்களுக்கு ஒன்று. குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ அப்படியே ஊற்றாதீர்கள். பச்சைத் தண்ணீரில் அரிதாக இருக்கும் ஒரு வகை அமீபா, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும். நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவைத்து, அரை லிட்டருக்கு முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு.

மாதவிலக்கு நாட்களில்?

முதல் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். அடிவயிற்றை எக்கி எக்கிச் செய்கிற வேலை, வலியும் போக்கும் கூடலாம். தீட்டு என்பதற்காகச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்து நாடிசுத்தி செய்யுங்கள், மாடியில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு, முக்கியமாகச் சிசேரியன் என்றால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள்.

பேரனைக் கூட்டிவரலாமா? பரீட்சைக்கு நல்லது என்றார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் கபாலபாதி சொல்லித் தருவதில்லை. ஓடி விளையாடினால் அவர்களுக்கு வேண்டிய வேக மூச்சு கிடைத்துவிடும். பிளஸ் டூ பிள்ளைகள் இருபது இருபதாகச் செய்யலாம். ராத்திரி இரண்டு மணிவரை படித்துவிட்டு, தூக்கத்தை விரட்டுவதற்காகச் செய்யக் கூடாது. தூக்கம் வந்தால் தூங்கட்டும்.

நம் சித்தர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்களா?

மூச்சைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள், வேக மூச்சைத்தான் நம் ஆட்கள் அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சொல்வது உள்ளே 16, நிறுத்துவது 64, வெளியே 32 மாத்திரைக் கணக்கு. மாத்திரை என்றால் இங்கே கண் இமைக்கிற நேரம். எவ்வளவு நிதானம் பாருங்கள். அந்தக் கணக்கைப் புத்தகத்தைப் பார்த்து முயல வேண்டாம், 64 என்பது விளையாட்டு இல்லை.

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாதா?

படித்த மாதிரி செய்கிறவர்களுக்குப் போதலாம். ஆனால் உங்கள் வயிறு எந்தப் பக்கம் போகிறது என்று வீடியோவுக்குத் தெரியாது. யாரிடம் கற்றாலும் முதல் நாள் அவர் உங்களிடம் பிரஷர், ஆபரேஷன், கர்ப்பம் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமலே 'ம், ஆரம்பிங்க' என்றால், சத்தமில்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

கோரைப்பாயோ ஜமக்காளமோ ஒன்று, கர்சீப் ஒன்று. பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள், பாவாடை நாடாவையும்தான். மழை பெய்தால் கீழே கூடத்தில் நடக்கும், எட்டுப் பேருக்குத்தான் இடம், முந்தி வருகிறவர்களுக்கு. வரும்போது கேட்டைச் சாத்திவிட்டு வாருங்கள். எதிர்வீட்டு ஆடு நான்கு நாளாக என் துளசிச் செடியைத்தான் குறிவைத்துக்கொண்டிருக்கிறது.